மேட்சிங் என்னும் சுமை

(திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் பங்குனி மாத மாலையொன்றில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலுக்குள் போன பூமியையே தூக்கிக்கொண்டு வந்த வராகமூர்த்தி குடியிருக்கும் ஊர் இது. அவருடைய கோயிலுக்கும் குளத்துக்கும் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, ஏழு கிலோ பையை எப்படிக் கட்டுவது என்று பேச வந்திருக்கிறேன். அவர் காதில் விழுந்தால் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கு மூட்டுவலி கிடையாது, நமக்கு உண்டு.

'வசந்த காலப் பயணத்துக்கு ஏற்ற உடைகள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். முதலில் வசந்தம் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருந்தது. நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்து, மாசி பங்குனியைப் பின்பனி என்றும் சித்திரை வைகாசியை இளவேனில் என்றும் எழுதி வைத்தார்கள். ஸ்ரீவராகத்தில் பின்பனியில் நாம் பார்க்கும் பனி, ஐஸ் டப்பாவுக்குள் இருப்பது மட்டும்தான். மாசியிலேயே மின்விசிறி ஐந்தாம் எண்ணில் ஓடுகிறது. இருந்தாலும் நாம் அதிகமாகப் பெட்டி கட்டுவதும் மாசி முதல் சித்திரை வரையான மூன்று மாதங்களில்தான். மாசியில் ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்கல். பங்குனியில் பத்மநாபசுவாமி கோயில் திருவிழா. பத்தாம் நாள், சுவாமி நீராடும் ஆராட்டுக்காக ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறபோது விமான நிலைய ஓடுபாதையே வழிவிட்டு, சில மணி நேரம் விமானங்கள் காத்திருக்கின்றன. சித்திரையில் விஷு, பள்ளி விடுமுறை. அதற்குள் லண்டனிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிற பிள்ளைகள் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாக, நம் தெருவில் எப்போதும் ஒரு சூட்கேஸ் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கிறது.

நான் நாகர்கோவில்காரி. இந்த ஊருக்கு வாழ வந்தவள். ஒரு பங்குனித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து எங்கள் மைனியும் அவர்கள் மகளும் வந்தார்கள். நாலே நாள். பெட்டிகள் மூன்று. மைனியின் பெட்டியில் பதினொரு சேலை. ஒவ்வொரு சேலைக்கும் அதற்கென்றே தைத்த பிளவுஸ், அதே நிறத்தில் உள்பாவாடை, வளையல், பொட்டு அட்டை. செருப்புகூட இரண்டு நிறம். மகள் பெட்டியில் ஜீன்ஸ் மட்டும் நாலு. மூன்றாவது பெட்டியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் நாள் காலை கோயிலுக்குப் புறப்படும்போது அந்தப் பெண், திறந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, எனக்குப் போட ஒண்ணுமே இல்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடும், பெண்கள் சேலை, செட்டு முண்டு, பாவாடை தாவணி போன்றவற்றோடும்தான் உள்ளே போகலாம். 2016 நவம்பர் கடைசியில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாருக்கு அனுமதி கொடுத்தார், எதிர்ப்புக் கிளம்பியது, உடை விஷயத்தில் தலைமைப் பூசகரான தந்திரியின் முடிவே இறுதி என்று டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரியா தவறா என்ற வாதம் இன்றைக்கு வேண்டாம். எனக்கு அதில் பிடித்தது, வாசலில் நம் பெண்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி: சுடிதாரைக் கழற்றாமல், அதற்கு மேலேயே ஒரு முண்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவது. தைத்த துணியும் தைக்காத துணியும் இரண்டே நிமிஷத்தில் சேர்ந்து வேறொரு உடுப்பாகிவிடுகிறது. வெள்ளைக்காரப் பத்திரிகைகள் மிக்ஸ் அண்ட் மேட்ச் என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டுக் காட்டுவது இதைத்தான். கோயில் இருக்கும் நம் கிழக்கேகோட்டையில் அது தினமும் நடக்கிறது.

மைனிக்கு அடுத்த நாள் வந்தது சோதனை. பொன்முடிக்குப் போனோம். இங்கிருந்து அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் கடல்மட்டத்துக்கு ஆயிரத்து நூறு மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். கீழே 33 டிகிரியில் வியர்த்துக்கொண்டு ஏறினவர்கள், மேலே மூடுபனிக் காற்றில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றோம். மைனி பட்டுச் சேலையில். பதினொரு சேலையில் மலைக்கென்று ஒன்றும் இல்லை, போர்த்திக்கொள்ள ஒரு துண்டும் இல்லை. கடைசியில், முண்டுக்கு மேலே உடுத்தும் என் பழைய நேரியலைத்தான் சால்வையாகப் போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம்தான் இன்றும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நம் பெட்டி கனப்பதற்குக் காரணம் துணி அல்ல, 'மேட்சிங்'. தமிழ்ப் பெண்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்து முழுக்கத் தமிழாக்கிவிட்ட சொல் அது. மேட்சிங் பிளவுஸ், மேட்சிங் வளையல், மேட்சிங் சென்டர். நம் ஊரில் மேட்சிங் என்றால் ஒன்றுக்கு ஒன்றுதான் ஜோடி என்று அர்த்தம். மாம்பழ நிறச் சேலைக்குப் பச்சை பிளவுஸ் தைத்தோம் என்றால், அந்த பிளவுஸுக்கு இந்த ஜன்மத்தில் வேறு சேலை கிடையாது. கற்புக்கரசி பிளவுஸ்! ஐந்து சேலை எடுத்துவைத்தால் ஐந்து பிளவுஸ், ஐந்து உள்பாவாடை, பதினைந்து உருப்படி, உடுத்த முடிவது ஐந்தே விதம். அதில் ஒரு பிளவுஸில் காபி கொட்டினால் ஒரு சேலையும் சேர்ந்து பெட்டிக்குள் விதவையாகிவிடும்.

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை தாவணி. வீட்டில் இருந்தது மூன்று பாவாடை, மூன்று தாவணி, நாலு சட்டை. சிவப்புப் பாவாடை, மஞ்சள் தாவணி, பச்சைச் சட்டை என்று கிளிகள் மாதிரி போனோம்; யாரும் எங்களைப் பார்த்து மேட்சிங் இல்லையே என்று கேட்கவில்லை. மூன்றையும் மூன்றையும் நாலையும் பெருக்கிப் பாருங்கள்: முப்பத்தாறு. பத்து உருப்படியில் முப்பத்தாறு உடுப்பு. எங்களுக்கு அப்போது அந்தக் கணக்குத் தெரியாது, ஏழ்மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இங்கே மலையாள நாட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கணக்கின் இன்னொரு வடிவத்தைப் பார்த்தேன். முண்டும் நேரியலும். பெயர்தான் செட்டு முண்டு. செட்டு என்ற அடிமைத்தனம் அதற்கு இல்லை. இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, இரண்டும் வெளுக்காத நூலின் சந்தன நிறம், ஓரத்தில் கசவுச் சரிகையோ வண்ணக் கரையோ. எந்த நிற பிளவுஸோடும் அது சண்டை போடாது. புளியிலைக்கரை என்று மெல்லிய கரை போட்ட முண்டு ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைவிட நல்ல குணமுள்ள துணியை நான் பார்த்ததில்லை.

அதை நெய்கிற இடம் நமக்குப் பக்கத்தில்தான். நாகர்கோவில் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் சுமார் போனால் பாலராமபுரம். திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜா காலத்தில், 1798க்கும் 1810க்கும் நடுவில், இன்றைய தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து சாலியர் நெசவாளர் குடும்பங்களை அழைத்துக் குடியேற்றிய ஊர். உம்மிணித் தம்பி தளவாயாக, அதாவது தலைமை மந்திரியாக, இருந்த காலம். அரச குடும்பத்துக்கு மெல்லிய முண்டு நெய்ய வந்தவர்கள் அவர்கள். ஆகவே, கேரளத்தின் அடையாளம் என்று விமானத்தில் ஏறிப் போகிற அந்தக் கசவுத் துணியில் நம் ஆட்களின் கைரேகையும் இருக்கிறது. இன்றும் குழித்தறி, இன்றும் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகிற வழக்கம். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பயணக்காரியாக நான் அதில் பார்ப்பது வேறு: சாதா நெசவு, துணியில் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதம் கிடையாது. ஒரு முனையில் கறை பட்டால் அது உள்ளே போகும்படி திருப்பி உடுத்திக்கொள்ளலாம்.

"வெள்ளைத் துணியா? பயணத்திலா? அழுக்காகிவிடாதா?" என்று முன் வரிசையில் ஒரு அம்மா முகம் சுளிப்பது தெரிகிறது. நியாயமான கேள்விதான் அம்மா. அழுக்காகும். ஆனால் சாயம் போடாத துணிக்குப் போவதற்குச் சாயம் இல்லை. கசவு இல்லாததாக இருந்தால் வெந்நீரில் போடலாம், சோப்பை அழுத்தித் தேய்க்கலாம், உச்சி வெயிலில் காயப்போடலாம். லாட்ஜில் கிடைக்கிற ஒரே வாளியில் மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைத்தாலும் யாரையும் கெடுக்காது. புதிதாக வாங்கிய சிவப்புக் காட்டன் குர்த்தாவை அதே வாளியில் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் பனியன் ரோஜா நிறத்தில் திரும்பி வரும்.

நேரியலைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நாகர்கோவில்காரிக்கு அழகில்லை. இந்த மேல் துண்டை நான் தோளில் போட்டேன், தலையில் போட்டேன், சால்வையாகப் போர்த்தினேன் என்று விளையாட்டாகச் சொல்கிறேன். இதே திருவிதாங்கூரில் யார் தோளில் எந்தத் துணி விழலாம் என்பது சட்டமாக இருந்தது. தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் எங்கள் பக்கத்துப் பெண்கள் அடி வாங்கினார்கள். 1859 ஜூலையில் நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று உத்திரம் திருநாள் மகாராஜா அறிவித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. எதை எதோடு சேர்த்து உடுத்துவது என்பது சில்லறை விஷயம் என்று யாராவது சொன்னால், இதை நினைவூட்டுங்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இங்கே ஐந்து நாள் வருகிற ஒரு பெண்ணுக்கு நான் எடுத்துவைப்பது, உள்பாவாடையைச் சேர்க்காமல், பத்து உருப்படி. முண்டு ஒன்று, நேரியல் ஒன்று, மெல்லிய காட்டன் சேலை ஒன்று, பிளவுஸ் இரண்டு, குர்த்தா மூன்று, கறுப்பிலும் பழுப்பிலும் கால்சட்டை இரண்டு. மூன்று குர்த்தாவும் இரண்டு கால்சட்டையும் ஆறு விதம். முண்டுக்கு இரண்டு பிளவுஸ், சேலைக்கு அதே இரண்டு. ஆக மொத்தம் பத்து. நேரியலைத் துப்பட்டாவாகக் குர்த்தா மேல் போட்டால் பதினாறு. கோவளத்துக்கு, பொன்முடிக்கு, பத்மநாபன் சன்னிதிக்கு, கன்னியாகுமரி சூரிய உதயத்துக்கு எல்லாம் இதுவே போதும். இதற்கு ஒரே ஒரு விதிதான்: எடுத்துவைக்கிற ஒவ்வொரு துணியும் பெட்டிக்குள் குறைந்தது இரண்டு துணியோடாவது சேரவேண்டும். ஒன்றோடு மட்டும்தான் சேருவேன் என்று அடம்பிடிக்கிற துணி, எவ்வளவு அழகானாலும், வீட்டில் பீரோவைக் காவல் காக்கட்டும். மாம்பழ நிறச் சேலை, நான் உன்னைத்தான் சொல்கிறேன்.

ஆண்களுக்கு இவ்வளவு பேச்சுத் தேவையில்லை. எட்டு முழ வேட்டி ஒன்று, சாரம் ஒன்று, கால்சட்டை ஒன்று, சட்டை மூன்று. சாரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொற்பொழிவே ஆற்றலாம். கைலி என்கிறோம், லுங்கி என்கிறோம். உலகத்தில் அதைப்போல் உழைக்கிற துணி இல்லை. ரயிலில் பெர்த்துக்கு விரிப்பு, குளிருக்குப் போர்வை, சுருட்டினால் தலையணை, கடற்கரையில் ஈரத்துணி மாற்ற நடமாடும் அறை, நாலு மூலையையும் பிடித்து முடிந்தால் மூட்டை. கடைசியில் மிச்ச நேரத்தில்தான் அது உடை. கூடவே ஈரிழைத் துவர்த்துத் துண்டு இரண்டு. திருவனந்தபுரம் ஈரக்காற்றில் ராத்திரி துவைத்த ஜீன்ஸ் மறுநாள் காலையிலும் சொதசொதவென்றுதான் தொங்கும். துவர்த்து அதற்குள் இரண்டு தடவை காய்ந்திருக்கும். பூத்துவாலை கொண்டுபோகிறவர்களை நான் தடுப்பதில்லை. அவர்கள் அதைச் சுமக்கட்டும்.

ஆற்றுக்கால் பொங்கலுக்கு வருகிறவர்கள் கணக்கு தனி. கின்னஸ் புத்தகத்தில் 1997இல் பதினைந்து லட்சம் பெண்கள் என்றும், 2009இல் இருபத்தைந்து லட்சம் என்றும் ஏறிய கூட்டம் அது. நம் ஸ்ரீவராகத்துத் தெருக்களிலும் வாசலுக்கு வாசல் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அன்றைக்கு அழகைப் பற்றிப் பேசாதீர்கள். பருத்தியைத் தவிர வேறெதையும் உடுத்தாதீர்கள். பருத்தியும் தீப்பிடிக்கும்தான். ஆனால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நேரியலின் முந்தியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். காட்டன் துணியில் படிந்த புகைவாசனை ஒரே துவைப்பில் போய்விடும் என்பது உபரி லாபம்.

கசவு வைத்த துணியை மடிக்கிற விதம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக வைத்தால் சரிகை அந்த வரியிலேயே ஒடியும். ஒவ்வொரு பயணத்துக்கும் மடிப்பை மாற்றுங்கள். பழைய வேட்டித் துண்டில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் படவேண்டாம். குர்த்தாவையும் கால்சட்டையையும் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி இடுக்குகளில் செருகலாம். செருப்பு அடியில். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இனி கடல் தாண்டிப் போகிறவர்கள். ஏப்ரல் மாதம் முதன்முதல் மகன் வீட்டுக்கு லண்டன் போனபோது, சாலைக் கடைத்தெருவில் தேடிப்பிடித்து ஒரு பெரிய கம்பளிக் கோட்டு வாங்கிக்கொண்டு போனேன். அங்கே அந்த மாதம் விடியலில் ஆறு டிகிரி, மதியம் பதினைந்து. நடுவில் வெயில், பிறகு தூறல், மறுபடி வெயில். கோட்டைப் போட்டால் வேகிறது, கழற்றினால் நடுங்குகிறது. வெளியே போன நேரமெல்லாம் அது என் கையில்தான் தொங்கியது. கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்தேன். மருமகள்தான் சொன்னாள்: "அத்தை, ஒரு பெரிய துணி வேண்டாம், நாலு சின்னத் துணி போடுங்க." வெங்காயம் மாதிரி. உள்ளே ஒட்டின பனியன், மேலே குர்த்தா, அதன் மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் மழை தாங்கும் மெல்லிய ஜாக்கெட். பருத்தி நனைந்தால் குளிரும். கம்பளி லேசாக ஈரமானாலும் சூடு காக்கும். ஆகவே நம் ஊரில் ராணியான பருத்தி அங்கே நடு அடுக்கில் அடக்கமாக இருக்கட்டும். வாஷிங்டனில் செர்ரிப்பூ பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே அடுக்குதான். டோக்கியோ நகரம் 1912இல் பரிசாகக் கொடுத்த மரங்கள், மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பூக்கும், அப்போதும் குளிர்காற்று விட்டிருக்காது. நேரியல் அங்கேயும் உதவும், கழுத்தைச் சுற்றி. லண்டனில் என் பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் மூன்று பேர் அது எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பாலராமபுரம் என்று சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் துணிக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு என்பது எனக்கும் தெரியும். சாம்பார்ப் பொடி, நார்த்தங்காய், கூழ்வற்றல், நேந்திரங்காய் வறுவல் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு மிச்சமிருக்கும் மூலையில்தான் நம் மானத்தை மடித்துவைக்கவேண்டும். அதனால்தான் சொல்கிறேன், உருப்படியைக் குறையுங்கள். நார்த்தங்காயைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ரயிலில் படுக்கை வசதி வகுப்புக்கு 40 கிலோ இலவசம். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் செக்-இன் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. இந்த எண்களைப் பார்த்துப் பெட்டி கட்டாதீர்கள். அவை ரயிலும் விமானமும் தாங்குகிற எடை. உங்கள் தோள் தாங்குகிற எடை எவ்வளவு என்று எந்த டிக்கெட்டிலும் அச்சடிப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பெட்டியை மூடிப் பூட்டி, சக்கரத்தில் உருட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு, நம் ஸ்ரீவராகம் குளத்தை ஒரு சுற்று வாருங்கள். எந்தப் படித்துறையில் கீழே வைக்கத் தோன்றுகிறதோ, அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பி, அந்தப் பதினோராவது சேலையை வெளியே எடுத்துவிடுங்கள். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.